ஆஸ்டினில் பிறந்த இருவர்

பிராசஸர் செத்தால் யாரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவதில்லை. விலைப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். வயா நானோ போன விதமும் அதுதான். 2008 மே மாதம் பிறந்தது. எந்த நாளில் செத்தது என்று கேட்டால் பதில் கிடையாது. முதலில் வாங்குவோர் அதைக் கேட்பதை நிறுத்தினார்கள், பிறகு கடைக்காரர்கள் வைப்பதை நிறுத்தினார்கள். அதன் எதிராளி இன்டெல் ஆட்டம் இன்னும் கொஞ்சகாலம் ஓடி, நெட்புக் என்ற குட்டி லேப்டாப்போடு சேர்ந்து அதுவும் ஒதுங்கியது. இந்த இரங்கல் இருவருக்கும் பொது. ஆனால் என் சாய்வு நானோ பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின். ஆட்டத்தை வடிவமைத்தது அங்கிருந்த இன்டெல் குழு. அதன் தலைமை வடிவமைப்பாளர் பெல்லியப்பா குட்டண்ணா. நானோ பிறந்தது அதே ஊரில் இருந்த சென்டார் டெக்னாலஜி என்ற சின்ன நிறுவனத்தில். ஐபிஎம்மில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து, பிறகு டெல்லுக்குப் போன கிளென் ஹென்றி 1995இல் அதைத் தொடங்கினார். விலை குறைந்த, சூடு குறைந்த, இன்டெல் பிராசஸருக்கு எழுதிய எல்லா மென்பொருளும் ஓடக்கூடிய சிப் ஒன்றைச் சில பத்துப் பொறியாளர்களே செய்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. 1999இல் தைவானின் வயா நிறுவனம் சென்டாரை வாங்கியது. இன்டெல் ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்த வேலையை இவர்கள் நூறு பேரை ஒட்டிய கூட்டமாக இருந்து செய்தார்கள்.

நானோ பிறந்த காலத்தை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2007 அக்டோபரில் தைவானில் ஏசஸ் நிறுவனத்தின் ஈ பிசி கடைக்கு வந்தது. ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே சாண்ட்ரோஸ் லினக்ஸ். அதிலிருந்த செலரான் பிராசஸர் 900 மெகாஹெர்ட்ஸ் ஓடக்கூடியது. சூட்டுக்கும் பேட்டரிக்கும் பயந்து 630இல் கட்டிப்போட்டிருந்தார்கள். அதற்கு முன்பே நிக்கலஸ் நெக்ரோபான்டி, ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு நூறு டாலரில் லேப்டாப் என்று கிளம்பியிருந்தார். அதற்குள் 433 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி ஜியோட். நம் ஊரில் 2008 ஜனவரியில் எச்சிஎல் மைலீப் பதினாலாயிரம் ரூபாய் சுற்றில் தொடங்கியது. லேப்டாப் என்றால் முப்பது, நாற்பதாயிரம் என்று பழகியிருந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. கணினி வாங்குகிறவர்கள் எவ்வளவு வேகம் என்று கேட்டுப் பழகியவர்கள். எவ்வளவு போதும் என்று முதன்முறையாகக் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு ஆஸ்டினின் இரண்டு அலுவலகங்களும் வேறு வேறு பதில் எழுதின.

பிராசஸருக்குள் கட்டளைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. முன்னால் நிற்கும் கட்டளைக்கு வேண்டிய தரவு நினைவகத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வது? ரேஷன் கடையில் முதலில் நிற்பவர் பையைத் துழாவிக் கார்டைத் தேடுகிறார் என்று வையுங்கள். அவர் தேடி முடிக்கும்வரை ஆட்டம் பின்னால் இருக்கும் எல்லாரையும் நிறுத்திவைக்கும். நானோ, “நீங்க ஓரமா நின்னு தேடுங்க, அடுத்த ஆள் வாங்க” என்று சொல்லிவிடும். ஆட்டமும் ஒரு சமாதானம் வைத்திருந்தது: ஒரே கவுண்டருக்கு இரண்டு வரிசை. ஒரு வரிசை தடங்கினால் மற்றதிலிருந்து ஆளைக் கூப்பிடும். இதற்கு இன்டெல் வைத்த பெயர் ஹைப்பர் த்ரெடிங்.

வரிசையைக் கலைத்து ஆளைக் கூப்பிடும் முறை ஒன்றும் புதிதில்லை. 1995இல் வந்த பென்டியம் புரோவிலிருந்து இன்டெலே அதைத்தான் செய்துவந்தது. ஆட்டத்துக்காக வேண்டுமென்றே 1993ஆம் ஆண்டுப் பென்டியத்தின் காலத்துக்குத் திரும்பிப் போனார்கள். காரணம் மின்சாரம். யாரை முன்னால் விடலாம், யாரை ஓரம் கட்டலாம் என்று நொடிக்குக் கோடிக்கணக்கான முறை முடிவெடுக்கத் தனிச் சுற்றுகள் வேண்டும். அவை வேலை நடக்கிறதோ இல்லையோ மின்சாரம் குடிக்கும். ஆட்டத்தில் 4.7 கோடி டிரான்சிஸ்டர். நானோவில் 9.4 கோடி, கச்சிதமாக இரண்டு மடங்கு. ஆட்டம் 45 நானோமீட்டரில் இன்டெலின் சொந்த ஆலையில் செய்தது. நானோ 65 நானோமீட்டரில் ஜப்பானின் ஃபுஜித்சு ஆலையில் செய்தது. ஆட்டத்தின் பரப்பு 25 சதுர மில்லிமீட்டர் அளவில், நானோவின் பரப்பு 63. ஒரே அளவு சிலிக்கான் தட்டில் ஒருவருக்கு இரண்டு மடங்குக்கு மேல் சிப் கிடைக்கிறது என்றால், விலைப் போர் தொடங்கும் முன்பே யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

நெட்புக்குகளில் ஓடிய ஆட்டம் என்270 வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், வெப்ப வரம்பு 2.5 வாட். நானோவில் 1.3 கிகாஹெர்ட்ஸ் யு வகைக்கு 8 வாட், 1.8 கிகாஹெர்ட்ஸ் எல் வகைக்கு 25 வாட். காகிதத்தில் பார்த்தால் ஒப்பீடே தேவையில்லை. ஆனால் ஆட்டத்தின் அந்த 2.5 வாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. கூட வந்த சிப்செட் பழையது. மேசைக் கணினிக்கான ஆட்டம் 230க்கு 4 வாட் போதும். அதற்குத் துணையாக மதர்போர்டில் உட்கார்ந்திருந்த 945 சிப்செட்டின் வெப்ப வரம்போ சுமார் 22 வாட். இன்டெல் விற்ற அந்தச் சின்ன மதர்போர்டைத் திறந்து பார்த்தவர்கள் சிரித்தார்கள்: மின்விசிறி சிப்செட்டின் மேல் சுற்றுகிறது, பிராசஸர் விசிறியே இல்லாமல் வெறும் உலோகத் தகட்டின் கீழ் சும்மா கிடக்கிறது.

அளந்து பார்த்தபோது கிடைத்த முடிவுகளும் இப்படிக் கலவையாகத்தான் இருந்தன. ஒரே வேலையை ஒரே இழையில் கொடுத்தால் நானோ முந்தியது. இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகக் கொடுத்தால் ஆட்டத்தின் இரட்டை வரிசை கைகொடுத்து இடைவெளியைக் குறைத்தது, சில இடங்களில் தாண்டவும் செய்தது. கோப்புகளைப் பூட்டிவைக்கும் ஏஇஎஸ் குறியாக்கத்தில் போட்டியே இல்லை. வயா பேட்லாக் என்ற பெயரில் அதற்கெனத் தனிச் சுற்று வைத்திருந்தது. இன்டெல் தன் பிராசஸர்களில் அப்படி ஒன்றை வைத்தது 2010இல்தான். முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் குறைவாகக் குடித்தது ஆட்டம். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கில் பெரும்பாலும் ஆட்டம் கையே ஓங்கியது. நானோ கெட்டிக்காரன், ஆட்டம் சிக்கனக்காரன் என்று சொல்லி விஷயத்தை முடித்திருக்கலாம்.

முடிக்க முடியாமல் செய்தது ஒரு சோதனை. அமெரிக்கத் தொழில்நுட்ப இதழான ஆர்ஸ் டெக்னிகா 2008 ஜூலையில் இரண்டையும் மோதவிட்டு எழுதியது. ஒவ்வொரு பிராசஸருக்குள்ளும் தயாரிப்பாளர் பெயர் பன்னிரண்டு ஆங்கில எழுத்தில் பொதிந்திருக்கும்; மென்பொருள் கேட்டால் சொல்லும். இன்டெல் ‘ஜெனுயின்இன்டெல்’ என்று சொல்லும், ஏஎம்டி ‘ஆதென்டிக்ஏஎம்டி’ என்று சொல்லும், நானோ ‘சென்டார்ஹால்ஸ்’ என்று சொல்லும். மற்றவற்றில் இந்தப் பெயரை மாற்ற வழியில்லை. நானோவில் மாற்றலாம்; அதன் பொறியாளர்கள் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். சோதித்தவர் பெயரை ஏஎம்டி என்று மாற்றி, வேகம் அளக்கும் பிசிமார்க்05 மென்பொருளை ஓட்டினார். நினைவகச் சோதனையில் மதிப்பெண் சுமார் 10 விழுக்காடு ஏறியது. இன்டெல் என்று மாற்றி ஓட்டினார். சுமார் 47 விழுக்காடு ஏறியது.

சிப் அதே சிப். கடிகார வேகம் அதே. ஒரு டிரான்சிஸ்டர் கூடவில்லை. பெயர் மட்டும் மாறியது.

இதைச் சதி என்று எடுத்துக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை. பிசிமார்க்05 பெயரே சொல்வதுபோல 2005இன் மென்பொருள். நானோ பிறப்பதற்கு மூன்று ஆண்டு முந்தையது. தனக்குத் தெரிந்த பிராசஸர் என்றால் வேகமான வழியிலும், தெரியாதது என்றால் எங்கும் ஓடக்கூடிய பழைய வழியிலும் விடுவது மென்பொருள் உலகத்தில் பழைய பழக்கம். ஆனால் பழக்கம் யாருக்குச் சாதகம் என்று பார்க்க வேண்டும் அல்லவா? பிராசஸரிடம் ‘உனக்கு இந்த வசதி இருக்கிறதா’ என்று நேராகவே கேட்கலாம். அதற்கான வழியும் உள்ளேயே இருக்கிறது. ‘நீ யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்கத் தேவையில்லை. இன்டெலின் கம்பைலர் உருவாக்கும் நிரல்களும் இதே கேள்வியைக் கேட்கின்றன, இன்டெல் அல்லாதவற்றைத் தாழ்ந்த வழியில் விடுகின்றன என்று டென்மார்க் கல்வியாளர் ஆக்னர் ஃபாக் விளக்கமாக எழுதினார். 2009 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இன்டெல் மேல் தொடர்ந்த வழக்கில் கம்பைலர் விஷயமும் ஒரு குற்றச்சாட்டு. 2010 ஆகஸ்டில் சமரசம் ஆனது. தன் கம்பைலர் மற்றவர்களின் பிராசஸருக்கு அதே அளவு உகந்ததாக இல்லாமல் போகலாம் என்று இன்டெல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வயாவின் எக்ஸ்86 உரிமத்தை 2013க்குப் பிறகும் ஐந்து ஆண்டு நீட்டித்துத்தர முன்வர வேண்டும் என்பது இன்னொன்று. அதற்குள் சந்தை கைவிட்டுப் போயிருந்தது.

இரண்டு பிராசஸர்களை ஒப்பிடுவது என்றால் நிறுத்தற்கடிகாரமும் மின்மானியும் போதும் என்று நினைப்பவர்கள் இந்த 47 விழுக்காட்டை யோசித்துப் பார்க்கலாம். நானோவும் ஆட்டமும் ஒருபோதும் சமதரையில் ஓடவில்லை. ஆலை வேறு, சிப்செட் வேறு, அளக்கும் மென்பொருளே பெயர் கேட்டு வழிவிடுகிறது. கிட்டத்தட்ட நியாயமான ஒரே வாய்ப்பு லெனோவோவின் ஐடியாபேட் எஸ்12. அதே உடலில் ஆட்டம் வைத்த வகையும் நானோ வைத்த வகையும் வந்தன. நானோ வைத்த இன்னொரு நெட்புக் சாம்சங் என்சி20: 12 அங்குலத் திரையோடு, நானோ மட்டுமே வைத்து 2009இல் வந்தது. நானோ வைத்த நெட்புக்குகள் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கையைத் தாண்டுவது கஷ்டம். ஏசர், டெல், எம்எஸ்ஐ, எச்பி என்று மற்ற எல்லாரும் ஆட்டத்தில் போய் நின்றார்கள். அதற்குமுன் வயாவின் பழைய சி7 பிராசஸரை வைத்து எச்பி அழகான அலுமினிய உடலில் 2133 மினிநோட் செய்திருந்தது. மந்தமான இயந்திரம் என்ற பேச்சு அதற்கு. அந்தப் பேச்சு சி7இன் தம்பி மேலும் ஒட்டிக்கொண்டது.

ஆட்டம் ஜெயித்ததாகவும் சொல்ல முடியவில்லை. ஜெயித்தவனைச் சின்னவனாகவே வைத்திருப்பதில் அதன் சொந்த வீட்டுக்கே அக்கறை இருந்தது. பதினைந்தாயிரத்து நெட்புக் நன்றாக ஓடினால் நாற்பதாயிரத்து லேப்டாப்பை யார் வாங்குவார்கள்? மைக்ரோசாஃப்டுக்கு வேறு கவலை. விண்டோஸ் விஸ்டா இந்தக் குட்டி இயந்திரத்தில் இழுத்துக்கொண்டு நிற்கும். விட்டால் லினக்ஸ் நுழைந்துவிடும். ஆகவே 2008 ஏப்ரலில் எக்ஸ்பி ஹோம் பதிப்பின் ஆயுளை இந்த வகைக்கு மட்டும் நீட்டித்தது. சலுகை விலைக்கு வரம்பு உண்டு: திரை 10.2 அங்குலத்துக்குள், நினைவகம் 1 ஜிபிக்குள், ஹார்டு டிஸ்க் 80 ஜிபிக்குள். பிறகு வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அடுத்து வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. அதனால்தான் எந்தக் கம்பெனி நெட்புக்கை எடுத்தாலும் உள்ளே ஒரே சரக்கு: என்270, 1 ஜிபி, 1024க்கு 600 திரை. மூடியின் நிறம் மட்டும் வேறு.

அந்த 600 கோட்டுத் திரையைத் திட்டாத நெட்புக்காரர் இல்லை. மென்பொருள்களின் உரையாடல் பெட்டிகள் 768 கோடு இருக்கும் என்று நம்பி வரைந்தவை. ‘ஓகே’ பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ கிடக்கும். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. எக்ஸ்பியில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிய வேண்டுமானால் அமைப்புக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் செய்ய வேண்டும்; செய்தால் விண்டோஸ் சிடியைப் போடு என்று கேட்கும். நெட்புக்கில் சிடி டிரைவே கிடையாது. அதுவரை கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதையும் சமாளித்து, தோளில் ஒரு கிலோ சுமையோடு பேருந்திலும் ரயிலிலும் உட்கார்ந்து எழுதியவர்கள் உண்டு. இத்தனை குறையோடும் அதில் விசைப்பலகை இருந்தது, யுஎஸ்பி துளை இருந்தது, விரும்பிய மென்பொருளை ஏற்றும் உரிமை இருந்தது. பின்னால் வந்த டேப்லட்டுகள் அழகில் ஜெயித்தன. இந்த மூன்றிலும் நெட்புக்குக்குக் கிட்ட வரவில்லை.

என்விடியா ஒரு தடவை முட்டிப்பார்த்தது. தன் கிராஃபிக்ஸ் சிப்செட்டை ஆட்டத்தோடு இணைத்து அயான் என்று கொண்டுவந்தது. உயர்தெளிவு வீடியோ தடங்காமல் ஓடியது. 2009 டிசம்பரில் இன்டெல் என்450ஐ அறிவித்தபோது கிராஃபிக்ஸும் நினைவகக் கட்டுப்பாடும் பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டன. வெளியிலிருந்து வருகிறவருக்கு வாசல் இல்லை. இரு நிறுவனங்களும் நீதிமன்றத்தில் நின்று, 2011 ஜனவரியில் இன்டெல் 150 கோடி டாலர் தருவதாகச் சமரசம் ஆனது. அதே மாதம் ஏஎம்டியின் பாப்கேட் வந்தது: வரிசையைக் கலைத்து ஆளைக் கூப்பிடும் முறை, கூடவே நல்ல கிராஃபிக்ஸ். அது நானோ சொன்ன வழி. ஆனால் நெட்புக்கின் நாடி அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது.

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை மேடையேற்றினார். நெட்புக் எதிலும் உருப்படியில்லை என்பதுபோல அதே மேடையில் சொன்னார். 2011இல் இன்டெலே அல்ட்ராபுக் என்று மெல்லிய, விலையுயர்ந்த லேப்டாப்புகளை முன்னால் தள்ளியது. 2012 முடிவோடு ஏசஸும் ஏசரும் நெட்புக் தயாரிப்பை நிறுத்தின. இதில் ஒரு முரண்: வயாவின் தலைமையில் இருந்த செர் வாங்தான் எச்டிசியையும் தொடங்கியவர்களில் ஒருவர். நானோ பிறந்த 2008இன் அக்டோபரில் உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த எச்டிசி. அதற்குள் இருந்தது ஆர்ம் வகைப் பிராசஸர். ஒரு வீட்டில் வளர்த்தது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எமனானது.

ஆட்டம் போனுக்குள்ளும் நுழையப் பார்த்தது. இன்டெல் பிராசஸர் வைத்த முதல் ஸ்மார்ட்போன் விற்பனைக்கு வந்தது நம் நாட்டில்தான்: லாவாவின் சோலோ எக்ஸ்900, 2012 ஏப்ரல், விலை சுமார் இருபத்திரண்டாயிரம். போன் மோசமில்லை. காலம் கடந்துபோயிருந்தது. 2014இல் மட்டும் இன்டெலின் கைபேசிப் பிரிவு 400 கோடி டாலருக்கு மேல் இழந்தது; 2016இல் போனுக்கான ஆட்டம் திட்டங்களை மூடியது. இதே இன்டெல் 2006இல் தன் ஆர்ம் பிராசஸர் பிரிவான எக்ஸ்ஸ்கேலை 60 கோடி டாலருக்கு மார்வெலுக்கு விற்றிருந்தது.

நானோவின் தரப்பு நியாயத்துக்குத் தீர்ப்பு 2013இல் வந்தது. அந்த ஆண்டு இன்டெல் கொண்டுவந்த சில்வர்மாண்ட் என்ற புதிய ஆட்டம், வரிசையில் காத்துநிற்கும் முறையைக் கைவிட்டு, நானோ ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த வழிக்கு மாறியது. 22 நானோமீட்டரில் அதற்கான மின்சாரம் கட்டுப்படியானது. நானோ நினைத்தது சரி. 65 நானோமீட்டரில் நினைத்ததுதான் விலையாகிப்போனது. இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது. 2018 ஜனவரியில் மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பாதுகாப்பு ஓட்டைகள் அம்பலமாகி உலகமே பதறியது. முன்கூட்டி ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும் பிராசஸர்களின் புத்திசாலித்தனமே ஓட்டையாகியிருந்தது. இன்டெல் குடும்பத்தில் தப்பியவற்றில் ஒன்று 2013க்கு முந்தைய ஆட்டம். அதற்கு வரிசையைத் தாண்டி முன்கூட்டி ஓடத் தெரியாது.

வாரிசுகள் இருக்கிறார்கள். சில்வர்மாண்ட் வழிவந்த சின்னக் கோர்கள்தான் இன்றைய இன்டெல் லேப்டாப்புகளில் பெரிய கோர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 2023இல் வந்த என்100இல் அவை நான்கு, 6 வாட்டில். 2024இல் வந்த சீயான் 6 சர்வர் சிப் ஒன்றில் 144. ஆட்டம் என்ற பெயரை மட்டும் பெட்டிமேல் பெரிதாகப் போடுவதில்லை. நானோவின் வழி சீனத்துக்குப் போனது. வயாவும் ஷாங்காய் நகர அரசும் சேர்ந்து 2013இல் தொடங்கிய ஜாவோசின் நிறுவனத்தின் முதல் பிராசஸர்கள் நானோ வடிவமைப்பில் எழுந்தவை.

2021 நவம்பரில் வயா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சென்டாரின் பொறியாளர்கள் சிலரை வேலைக்கு எடுத்துக்கொள்வதற்காக இன்டெல் 12.5 கோடி டாலர் தருகிறது. ஆஸ்டினின் இரண்டு அலுவலகங்கள் ஒன்றானது இப்படித்தான். அப்போது சென்டாரின் மேசையில் எட்டுக் கோர் வைத்த, செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சுற்று வைத்த சிஎச்ஏ என்ற சிப் ஏறக்குறைய முடிந்த நிலையில் இருந்தது. விற்பனைக்கு வரவேயில்லை. அதன் மாதிரிகள் சில ஆர்வலர்கள் கைக்கு வந்து, 2022இல் அவர்கள் அதையும் ஓட்டி அளந்து பார்த்து எழுதினார்கள். ஒரே கடிகார வேகத்தில் இன்டெலின் 2013ஆம் ஆண்டு ஹாஸ்வெல்லுக்கு ஏறக்குறைய இணை என்று முடிவு வந்தது.